குளத்தில் இல்லாத உயிர்

ஏப்ரல் 17, புதன்

நேற்று என் மகள் சிட்டு, வீட்டு முன்னால் இருக்கும் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். அடி ஒன்றுமில்லை. பயந்துபோயிருக்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது இவ்வளவுதான். தேதி போட்டு எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. டாக்டரிடம் போனால் எப்போதிலிருந்து என்று கேட்பார்கள்.

மற்றபடி வழக்கமான நாள். ஆறாம் வகுப்புக் கணக்குத் தாளில் இருபது திருத்தினேன். பின்னங்களைக் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவைத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்கக் கத்தியது வீண். லாந்தோனி இச்சே சந்தையிலிருந்து வந்து, சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னென்னவோ கேட்டுப்பார்த்தார். இவர் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தௌபால் சந்தையில் காய்கறிக் கடை. இச்சே என்றால் இங்கே அக்கா. சிட்டுவுக்கு அவர் இனே, அதாவது அத்தை. எனக்குக் கொடுக்காத முத்தங்களையெல்லாம் இவள் இனேக்குத்தான் கொடுப்பாள்.

இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மோரேயில் பிறந்த தமிழச்சி. தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து வந்து எல்லையிலேயே தங்கிவிட்ட குடும்பம். மெய்தெய் மொழி எனக்குத் தமிழைப் போலவே வரும், அதில்தான் காதலித்தேன், அதில்தான் சண்டை போடுகிறேன். எழுதுவது மட்டும் தமிழில். ஆகவே இந்த நோட்டை மேசைமேல் திறந்துபோட்டாலும் பயமில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

பேசவில்லை. சாப்பிட்டாள். மழை.

ஏப்ரல் 20, சனி

இம்பாலில் டாக்டரைப் பார்த்தோம். தொண்டை, காது, நாக்கு எல்லாம் பார்த்தார். குறை ஒன்றுமில்லையாம். "ஏதோ அதிர்ச்சி. வற்புறுத்தாதீங்க, தானா பேசுவா" என்றார். எங்கே, எப்படி விழுந்தாள் என்று கேட்டார். சொன்னேன். சிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் முதலில் என்னைத்தான் பார்க்கிறாள். பிறகு தலையைக் குனிந்துகொள்கிறாள்.

போகும்போதும் வரும்போதும் லிலோங் பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. வேறு வழி கிடையாது. சிட்டு என் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி குலுக்கல் அவளுக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாது.

சாயங்காலம் என் கணவர் கோம்டன் மலையிலிருந்து போன் செய்தார். தாமெங்லோங் பக்கம் சாலை போடுகிற வேலையில் மேற்பார்வை. வருஷத்தில் எட்டு மாதம் அங்கேதான். மகள் பேசவில்லை என்று தெரிந்ததிலிருந்து தினமும் அழைக்கிறார். மே முதல் வாரத்தில்தான் விடுவார்களாம்.

"செவ்வாய்க்கிழமை நான் போன் பண்ணினப்போ சமைச்சிட்டு இருக்கேன்னு சொன்னியே, அப்பதான் விழுந்தாளா?"

"அதுக்கு அப்புறம்."

"உன் பக்கம் ஒரே லாரி சத்தமா இருந்துச்சு."

"டிவி" என்றேன்.

இச்சேயும் ஒன்று கேட்டார், மீனைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "குளத்துக்குப் போறவ ஷூ போட்டுக்கிட்டா போனா?" அன்றைக்குச் சிட்டுவின் காலில் ஷூ இருந்ததை அவர் கவனித்திருக்கிறார். குழந்தை புது ஷூவைக் கழற்ற மாட்டேன் என்கிறாள், என்ன செய்ய என்றேன். சந்தையில் வெண்டைக்காய் விற்கிறவருக்கு எதற்கு இவ்வளவு கூர்மையான கண்?

ஏப்ரல் 21, ஞாயிறு

அண்ணன் திருச்சியிலிருந்து கூப்பிட்டார். "மீனம்பாக்கத்துல ரெண்டு மணி நேரம் நின்னேன் சொர்ணம். ஒரு தகவல் சொல்லக்கூடாதா? பள்ளிக்கூடத்துல சீட்டு வேற சொல்லி வச்சிருக்கேன்" என்றார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றேன். அது வேறு விஷயம். இங்கே எழுத வேண்டியதில்லை.

சிட்டுவின் தண்ணீர் பாட்டிலைக் காணோம். மீன் படம் போட்ட மஞ்சள் பாட்டில். இச்சே மூன்று தடவை தேடிவிட்டார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்று இச்சே தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "டாக்டர் பாத்தது உடம்ப. உடம்புல ஒண்ணும் குறையில்ல. ஒரு உயிர் கொறையுது."

மெய்தெய்க் கணக்கில் மனுஷனுக்கு ஒரு உயிர் அல்ல. ஐந்து. ஆறாவதாக நிழலையும் சேர்த்துக்கொள்வார்கள். பலமாகப் பயந்தால் அதில் ஒன்று கழன்று, பயந்த இடத்திலேயே நின்றுவிடும். மீதி நான்கும் வீட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் ஆள் நடக்கும், சாப்பிடும், ஆனால் ஆளாக இருக்காது. மைபியை, அதாவது சாமி இறங்கும் பூசாரிப் பெண்ணை, அந்த இடத்துக்கே கூட்டிப்போய், விட்டுவந்த உயிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துவர வேண்டும்.

நான் கணக்கு டீச்சர். ஐந்து உயிரில் ஒன்று போனால் மீதி நான்கு என்கிற கழித்தலில் எனக்குத் தகராறு இல்லை. "கூப்பிடலாம்" என்று சொல்லிவிட்டேன். என்ன கெட்டுவிடப் போகிறது?

இன்று இச்சே தென்மேற்கு மூலையில் ஸனமஹிக்குப் பூ வைத்தபோது சிட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மெய்தெய் வீட்டிலும் அந்த மூலை வீட்டுத் தெய்வமான ஸனமஹியுடையது. வடக்குச் சுவரோரம் ஒரு மண்பானைத் தண்ணீர், அது அவருடைய அம்மா லைமரேல். குழந்தையைப் பேசவைக்கலாம் என்று இச்சே பழைய கதையை எடுத்தார். எனக்கு முதல்முறை கேட்டபோதே சிரிப்பு வந்தது, ஏனென்றால் பாதிவரை நம் மாம்பழக் கதைதான். பெரிய கடவுளுக்கு இரண்டு பிள்ளைகள். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்குச் சிம்மாசனம் என்கிறார் அப்பா. மூத்தவர் ஸனமஹி கிளம்பிப் போய்விடுகிறார். இளையவர் பாகங்பா அப்பாவின் ஆசனத்தைச் சுற்றிவந்து ஜெயித்துவிடுகிறார். ஆனால் நம் பிள்ளையாருக்குத் தானாகத் தோன்றியது. இங்கே அப்படியில்லை. அம்மா லைமரேல் சின்னவனைத் தனியே கூப்பிட்டுக் காதில் சொல்லிக்கொடுத்தாள்.

"அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணன்கிட்ட சொல்லிராதே'ன்னா. அதான் மூத்தவனுக்கு அவ்ளோ கோபம். தோத்ததுக்குக்கூட இல்ல. தனக்குத் தெரியாம ரகசியம் பேசினதுக்கு. தம்பியக் கொல்லவே துரத்தினான்."

வழக்கமாக இந்த இடத்தில் சிட்டு, "அப்புறம் எப்படி சமாதானம் ஆனாரு?" என்று கத்துவாள். அவருக்கு எல்லார் வீட்டிலும் ஒரு மூலை கொடுத்தார்கள் என்று இச்சே சொல்வார். இன்று சிட்டு கேட்கவில்லை. எழுந்து வந்து என் கால்களைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, போய்விட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

மத்தியானம் தாள்களைத் திருத்தியபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கை. சிட்டு. உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண் திறந்ததும் கையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். என்ன விளையாட்டோ.

ஏப்ரல் 25, வியாழன்

காலையில் அமுபி மைபி வந்தார். வெள்ளை உடை, வாய் நிறைய வெற்றிலை, ஸ்கூட்டரில் தானே ஓட்டிக்கொண்டு. ஐம்பது வயது இருக்கும். சாமியாடுகிறவர் என்றால் கண்ணை உருட்டுவார் என்று நினைத்திருந்தேன். இவர் வந்ததும் ஸ்கூட்டருக்கு நிழல் எங்கே என்று கேட்டார்.

தாம்பாளத்தில் சிட்டுவின் கவுனை மடித்து வைத்து, மேலே அரிசி, ஒரு முட்டை, பூ. "எந்தப் படி?" என்று மைபி கேட்டார். மூன்றாவது என்றேன். மூன்றாவது படியில் நின்று மணியை ஆட்டித் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, வாசலில் நின்று பிள்ளையை விளையாட்டிலிருந்து அழைக்கிற குரல்தான். "லின்தோய், வா. பயப்படாத. யாரும் திட்ட மாட்டாங்க. சோறு ஆறுது, வீட்டுக்கு வா." பள்ளிக்கூடப் பெயர் லின்தோய். சிட்டு என்பது நான் கூப்பிடுவது.

நான் வீட்டுக்குள், ஸனமஹி மூலையில், சிட்டுவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தாம்பாளம் வாசலுக்கு வந்ததும், "வந்துட்டாளா?" என்று உள்ளேயிருந்து கேட்க வேண்டும். வெளியே இருப்பவர் "வந்துட்டா" என்று சொல்லி உள்ளே வந்து அந்தக் கவுனைக் குழந்தைக்கு உடுத்த வேண்டும்.

"வந்துட்டாளா?" என்று கேட்டேன்.

மைபி வாசற்படியில் நின்றார். தாம்பாளத்தைப் பார்த்தார், திரும்பிக் குளத்தைப் பார்த்தார். கடைசிவரை "வந்துட்டா" என்று சொல்லவே இல்லை. "துணிய மாத்துங்க" என்று மட்டும் சொன்னார். இச்சேயின் முகம் செத்துவிட்டது. நான் கவுனை மாட்டி, பட்டனை மாற்றிப் போட்டுவிட்டேன். நம்பிக்கை இல்லாதவளுக்கு ஏன் கை தப்ப வேண்டும்?

ஏப்ரல் 26, வெள்ளி

சிட்டுவுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு.

ஏப்ரல் 27, சனி

நூற்றுமூன்று. தூக்கத்தில் "இனே" என்று ஒரு சத்தம் வந்தது. நான் அழுதுகொண்டே அவளை எழுப்பினேன். அவள் விழித்து, நெருப்பாகக் கொதிக்கும் உடம்போடு தவழ்ந்து வந்து, என் மூக்கடியில் கை வைத்தாள். பிறகு தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை, புரியவில்லை. காய்ச்சலில் குழந்தைகள் எதையாவது செய்யும்.

ஏப்ரல் 29, திங்கள்

காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் வைரஸ் என்றார். இச்சே வேறு என்னவோ நினைக்கிறார்.

அமுபி மைபி மறுபடி வந்தார். இச்சே கூப்பிட்டிருக்கிறார். மூன்று பேரும் தேநீர் குடித்தோம். மைபி சுற்றிவளைக்கிற ஆள் இல்லை.

"குளம் காலி. அங்க ஒண்ணும் இல்ல."

"அப்படின்னா?" என்றேன்.

"பிள்ள அங்க பயப்படல. எங்கயோ விட்டத இங்க கூப்பிட்டா எப்படி வரும்? கூப்பிட்ட குரலுக்கு வேற எதாச்சும் தலையத் தூக்கினா அத யாரு திருப்பி அனுப்புறது? அதான் நான் 'வந்துட்டா'ன்னு சொல்லல. விழுந்தத நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"எந்தக் கை முதல்ல ஊனினா?"

"வலது கை" என்றேன். தயங்கவே இல்லை. என்னுடைய திறமையை நினைத்து எனக்கே பயமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தேநீர் என் கையில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்குச் சிமெண்ட் மூட்டை இறக்க வந்த வேன். இரண்டு வாரமாக வேன் சத்தம் என்றாலே இப்படித்தான். சுட்ட இடத்தில் இச்சே பற்பசையைத் தடவிவிட்டார். கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "சொர்ணம், நான் உன்ன எதுவும் கேக்கல" என்றார். கேட்டுவிட்டால் தேவலாம்.

மே 2, வியாழன்

இன்று ஊர்ச் சாமிக்கு லை ஹராவோபா தொடக்கம். பள்ளி விடுமுறை. சிட்டுவை நடுவில் விட்டு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

திருவிழா கோயிலில் தொடங்குவதில்லை, தண்ணீரில் தொடங்குகிறது. சாமி வருஷம் முழுவதும் நீருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அமுபி மைபி பெரிய ஏரிக்கரையில் அமர்ந்து, பானையில் கட்டிய நூலின் நுனியை இலையோடு தண்ணீரில் விட்டு, மணியை ஆட்டிக்கொண்டே பாடினார். சாமியின் உயிர் அந்த நூல் வழியாக ஏறி வரவேண்டும். கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போது பின்னால் ஒரு கிழவர் தன் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது: "போன தடவ கரை வேலை நடக்குதுன்னு அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டாங்க. வரவே இல்ல. கடைசியில இங்கயேதான் வந்தாங்க."

கடவுளையே இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மைபியின் உடம்பு குலுங்கியது, வந்துவிட்டது என்று கூட்டம் குரல் எழுப்பியது. சிட்டு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணை என்னால் தாங்க முடியவில்லை. தலை வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். சோறு பரிமாறினேன். இச்சே பையிலிருந்து எதையோ எடுத்துச் சிட்டுவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மீன் படம் போட்ட மஞ்சள் பாட்டில்.

"லிலோங்லேர்ந்து ஒரு வேன்காரர் திருவிழாவுக்கு ஆள் ஏத்திக்கிட்டு வந்தாரு. பிள்ளையப் பாத்ததும் வண்டிக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வந்தாரு. 'நல்லாயிட்டாளா'ன்னு கேட்டாரு. 'நல்லாயிட்டு வர்றா'ன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். பிறகு சாப்பிட்டார். எலும்பு எடுத்த மீனைச் சிட்டுவுக்கு ஊட்டினார். நான் எழுந்துபோய்க் குளத்தங்கரையில் உட்கார்ந்து, சிட்டு விழாத மூன்றாவது படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 3, வெள்ளி

யாருக்கும் படிக்கத் தெரியாத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். பதினேழாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 16 நடந்தது இது.

காலை எட்டு மணிக்கு இச்சே சந்தைக்குப் போனார். நான் பெட்டியை எடுத்தேன். சிட்டுவுக்குப் புது கவுனும் ஷூவும் போட்டேன். விமானத்தில் சென்னை, அங்கிருந்து அண்ணனோடு திருச்சி. மாதத்தில் பாதி நாள் பந்த், பாதி நாள் பள்ளி பூட்டு. இங்கே வைத்து இவளை என்னவாக்குவது என்று கோம்டனிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் "வீடு இங்கதானே இருக்கு" என்றார். அவர் மலையில், நான் இங்கே. வீட்டைக் காவல் காக்கப் பிறந்தவளா நான்? போய்ச் சேர்ந்துவிட்டு அங்கிருந்து சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதில் இன்றும் பாதி நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வேன் லிலோங் பாலத்தில் நெரிசலில் நின்றது. அதுவரை சிட்டு பள்ளிச் சுற்றுலா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "இனே எப்ப வருவாங்க?" என்றாள். வரமாட்டார் என்றேன். கதவைத் திறந்து இறங்கி, வந்த வழியே வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கிவிட்டாள். எதிரே லாரி. அந்தச் சக்கரம் ஒரு முழத்தில் நின்றது. டிரைவர் அலறினான். எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரோரம் உட்காரவைத்து, கன்னத்தில் அறைந்தேன். உயிர் பிழைத்த குழந்தையை அறைந்தேன். அந்த நேரம் பார்த்துக் கோம்டனின் போன். சமைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஆற்றைப் பார்த்தபடி சொன்னேன்.

போனை வைத்துவிட்டு அவள் தோளைக் குலுக்கிச் சொன்னது இதுதான், தமிழில், வார்த்தைக்கு வார்த்தை: "இங்க நடந்தது யாருக்கும் தெரியக் கூடாது. அப்பாவுக்கு, இனேக்கு, யாருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வெளிய வந்துச்சு, அம்மா செத்துருவேன்."

அதே வேனில் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஆறு வயசுக் குழந்தை. எந்த வார்த்தை என்று நான் சொல்லவில்லை. அவள் எல்லா வார்த்தையையும் நிறுத்திவிட்டாள். பதினேழு நாளாக என்னைச் சாகவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

எழுதிவிட்டேன். இப்போது போய் இச்சேயிடம் வாயால் சொல்ல வேண்டும்.

அதே நாள், மாலை

சொன்னேன். இச்சே கத்தரிக்காய்க் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார். நான் போகப் பார்த்தேன் என்பதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பகுதி வந்தபோதுதான் மடியில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மைபிக்குப் போன் போட்டார். "இடம் தெரிஞ்சிருச்சு" என்றார்.

மே 4, சனி

காலை ஆறரைக்கே பாலத்துக்குப் போய்விட்டோம். நான்கு பேர்: மைபி, இச்சே, சிட்டு, நான். நேற்றே சிட்டுவிடம் சொல்லிப்பார்த்தேன், பேசலாம், அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று. நம்பவில்லை. பொய் சொல்கிறவளை யார் நம்புவார்கள்?

கைப்பிடிச் சுவரோரம் தாம்பாளம். அன்றைக்குப் போட்டிருந்த கவுன், அரிசி, முட்டை, பூ. மைபி மணியை என் கையில் கொடுத்தார்.

"நீங்கதானே கூப்பிடணும்?"

"நான் அன்னைக்கு இங்க இல்ல. இருந்தவ நீ. உன் குரலுக்குப் பயந்து நின்ன உயிர் என் குரலுக்கு வருமா?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பால் வண்டிக்காரர் ஒருவர் நின்றே பார்த்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கணக்கு டீச்சர், பாலத்தில், மணியோடு. ஆற்றைப் பார்த்து "சிட்டு" என்றேன். லாரிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "சிட்டு, வாடா. அம்மா அடிக்க மாட்டேன். அம்மா பொய் சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லலாம். அப்பாகிட்டயும் சொல்லலாம். அம்மா சாக மாட்டேன்டா. நீ பேசினா அம்மா சாக மாட்டேன்." எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. தமிழில்தான் சொன்னேன். இச்சேக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, ஆனாலும் அவர் என்னோடு சேர்ந்து அழுதார்.

மைபி தாம்பாளத்தைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். நான் கேட்க வேண்டும்.

"வந்துட்டாளா?"

மைபி சிட்டுவைப் பார்த்தார். சிட்டு என் புடவையைப் பிடித்திழுத்தாள். குனிந்தேன். மூக்கடியில் கையை வைத்துக்கொண்டாள். வைத்தபடியே, கண்ணை என் கண்ணிலிருந்து எடுக்காமல், மிக மெல்ல, "இனே" என்றாள்.

காத்திருந்தாள். என் மூச்சு அவள் விரலில் பட்டது. "தண்ணி" என்றாள். மறுபடி காத்திருந்தாள். பிறகு "வந்துட்டேன்" என்றாள்.

மே 5, ஞாயிறு

நிறுத்தவே இல்லை. பால்காரம்மாவிடம், பக்கத்து வீட்டில், சிமெண்ட் இறக்குகிறவரிடம், நாங்கள் ஏரோப்ளேனில் போகப் போனதையும், லாரி வந்ததையும், அம்மா அறைந்ததையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டாள். ஊரில் எனக்கு முகம் காட்ட இடமில்லை. மாலையில் தென்மேற்கு மூலையிலிருந்து பேச்சுக் குரல். எட்டிப்பார்த்தேன். ஸனமஹியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீ உலகத்தச் சுத்தப் போனேல்ல, அப்ப உங்கம்மா தம்பி காதுல சொல்லிட்டாங்க. உனக்குத் தெரியக் கூடாதாம். நான் சொல்லிட்டேன்."

வடக்குச் சுவர் மண்பானையை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாளை மறுநாள் கோம்டன் வருகிறார். அவரிடம் நான்தான் முதலில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது?

மே 7, செவ்வாய்

நான் முந்தவில்லை. அவர் வாசலில் பையை இறக்குவதற்குள் சிட்டு தொடங்கிவிட்டாள். அப்பாவின் முழங்காலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும்படி மூச்சு விட்டுக் காட்டினேன். பிறகுதான் அடுத்த வாக்கியம்.

கோம்டன் குளத்தில் கால் கழுவினார். சாப்பிட்டார். டிக்கெட்டைக் கேட்டார். கொடுத்தேன். தேதியை வெகுநேரம் பார்த்தார்.

"சமைச்சிட்டு இருக்கேன்னு சொன்னே" என்றார். பிறகு, "போறதுன்னா போ, சொர்ணம். நான் பிடிச்சு வைக்க மாட்டேன். ஆனா சொல்லிட்டுப் போ. சொல்லாமப் போனா, உன்னத் திரும்பக் கூப்பிட நான் எந்த எடத்துல போய் நிப்பேன்?"

போவேனா, இருப்பேனா, எனக்கே தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. சிட்டு அப்பாவின் மடியிலிருந்து இறங்கி வந்தாள். மூக்கடியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இருக்குப்பா" என்று அவரிடம் சொன்னாள்.